பதினேழாம் அலமாரி, அடித்தட்டு

ஜனவரி. அயோவா. மைனஸ் இருபத்தாறு.
இரவு இரண்டு பத்துக்கு அழைப்பு:
அருங்காட்சியகத்தின் நிலவறையில் தண்ணீர்.

பல்கலைக்கழகத்துக்கு இருபத்தொரு வருஷமாய்க் குழாய் பார்க்கிறேன்.
விடுதிக் கழிப்பறைகள், வேதியியல் கூடத்துத் தொட்டிகள்,
ஒருமுறை முதல்வர் வீட்டில்
மோதிரம் விழுங்கிய சாக்கடை.
இந்தக் கட்டடத்தில் மட்டும்
கொதிகலன் அறையைத் தாண்டி உள்ளே போனதில்லை.

வால்வை மூட நாலு நிமிஷம் ஆயிற்று.
எவனோ கைப்பிடியோடு சேர்த்து வர்ணம் அடித்திருந்தான்.
அதற்குள் தரையில் கணுக்கால் அளவு.
மூடிய பிறகும் கூரைக்குள் தேங்கியது
வழிந்துகொண்டேதான் இருந்தது.
தண்ணீருக்கு அவசரமே கிடையாது.

மார்னி ஹால்வர்சன் வந்தாள்,
கம்பளிக் கோட்டுக்குக் கீழே இரவுக் கால்சட்டை,
அதில் சின்னச் சின்ன நரிகள்.
பதிவேடு அவள் பொறுப்பு.
கதவின் உட்புறம் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்தெடுத்தாள்:
நெருப்போ நீரோ வந்தால் முதலில் எடுக்க வேண்டியவை.
பன்னிரண்டு.
"கையுறை போடுங்கள் டுவேன். உங்களுக்கும் இரண்டு கை இருக்கிறதே."

இரவுக் காவலில் இருந்த மாணவன் எஸ்ரா யோடரும் நானுமாய்
உலகத்தைப் படியேற்றினோம்.

முதலில் நைஜீரியா. ஒரு சாண் மரக் குழந்தை,
இரட்டையில் இறந்துபோன ஒன்றுக்குப் பதிலாய்ச் செதுக்கியது.
தினமும் குளிப்பாட்டி, சோறூட்டி
முகமே தேய்ந்துவிட்டது என்றாள் மார்னி.
என்னையறியாமல்
கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினேன்.

அப்புறம் ஜப்பானியத் தட்டி. மடித்தால் கதவளவு.
படி திரும்பும் இடத்தில் எஸ்ரா பின்னோக்கி நடந்தான்.
மடிப்புக்குள் கொக்குகள்
ஒன்றன் மூக்கில் ஒன்று இடித்தபடி வந்திருக்கும்.
ஹாலந்திலிருந்து ஓர் எலுமிச்சம்பழம், பாதி உரித்தது;
முந்நூற்றைம்பது வருஷமாய் மீதியை யாரும் உரிக்கவில்லை.
பெருவின் பானை ஒன்று,
தூங்கி எழுந்த என் மைத்துனன் மாதிரி முகம்.
ஆறாவது எதுவென்று தெரியாது. பெட்டி. கனம்.

ஒன்பதாவதை இழுக்கும்போதுதான் பார்த்தேன்.
அடித்தட்டில், கயிற்றில் ஒரு சீட்டு:
சுட்டமண் குழாய்த் துண்டு, அனத்தோலியா, ரோமர் காலம்.

ஒரு முனை குறுகல், மறு முனை விரிவு,
ஒன்றுக்குள் ஒன்று செருக.
இதே வடிவம் பிளாஸ்டிக்கில் என் வண்டியில் கிடக்கிறது, நாலு டாலர்.
விளக்கை உள்ளே அடித்தேன்.
சுண்ணாம்பு, இரண்டு விரல் தடிமன்.
அதுவும் அடிப்பக்கம் மட்டும்.
அப்படியென்றால் ஒருநாளும் நிரம்பி ஓடவில்லை;
மேலே எவனோ திருடியிருக்கிறான்,
இல்லாவிட்டால் வாட்டம் தப்பு.
கழுத்தில் ஓர் ஒட்டு. பெருவிரலால் அமுக்கியது,
ரேகைகூட இருக்கிறது. அவசர வேலை.
தலைக்கு மேல் யாராவது நின்று
கத்திக்கொண்டிருந்திருப்பார்கள்.

"அது பட்டியலில் இல்லை" என்றாள் மார்னி.
"நனைந்தால் ஒன்றும் ஆகாது."

சரிதான். நனையத்தானே அதைச் செய்தார்கள்.
வைத்துவிட்டு, எத்தியோப்பியச் சிலுவையோடு மேலே போனேன்.

திரும்பி வந்தபோது
அலமாரியின் ஒரு கால் ஊறி இறங்கியிருந்தது.
கூரையிலிருந்து வழிந்தது
குழாயின் அகன்ற வாயில் நுழைந்து
குறுகிய வாயால் வெளியேறி
தரை வடிகாலுக்குள் நேராக விழுந்தது.
பக்கத்திலிருந்த காகிதப் பெட்டிகள் மேல் ஒரு சொட்டு இல்லை.
நான் கைவிளக்கை அணைக்காமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.
மார்னி மேலிருந்து கூப்பிட்டாள். பத்தாவது.

விடியலில் பணிச்சீட்டை நிரப்பினேன்.
கசிவு: பழைய இணைப்பு, வடமேற்கு மூலை.
வேலை செய்த ஆட்கள்: இரண்டு.

இரண்டாவது ஆள் யார், எத்தனை மணி நேரம் என்று
கணக்கு அலுவலகம்
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.